கண் விழியாத திசைவி

இரவு பெய்த பெருமழையில் மின்சாரம் நின்று, விடியுமுன் மீண்டும் வந்துவிட்டது. காலையில் அலுவலகம் திறக்கப்படுகிறது. விளக்குகள் எரிகின்றன, கணிப்பொறிகள் இயங்குகின்றன. ஆயினும் ஒரு மடலும் வெளியே செல்லவில்லை. ஒரு செய்தியும் உள்ளே வரவில்லை. கணிப்பொறிகளில் குறையில்லை. வெளியிலிருந்து வரும் கம்பியிலும் குறையில்லை. சுவரோரத்துப் பெட்டியில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சிறு கருவி உறக்கத்தினின்றும் எழவில்லை, அவ்வளவே. அந்த ஒன்று எழாமையால் அலுவலகம் முழுவதும் வெளியுலகத்தோடு உறவற்றுப் போகிறது.

இத்தகைய வேளையில் பலரும் செய்கின்ற செயல் ஒன்றுண்டு. கருவியின் மின்விசையை அணைத்து மீண்டும் முடுக்குவர். பயன் காணாவிடில் கம்பிகளைப் பிடுங்கிச் செருகுவர். உள்ளிருக்கும் அட்டைகளைக் கழற்றி மாட்டுவர். இறுதியில் கருவியையே மாற்ற முற்படுவர். சிற்சில சமயங்களில் இதனால் நலம் விளைவதும் உண்டு. ஆனால் பல சமயங்களில் குறையின் தடயம் அழிந்துபோகிறது. நல்ல உறுப்பு குப்பைக்குப் போகிறது. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்த அமைப்புக் குறிப்புகள் ஒரு நொடியில் மறைந்துபோகின்றன.

இதற்கு மாறாக, அறிந்தோர் முதலில் எழுப்பும் வினா ஒன்றே: கருவி எந்தப் படி வரையில் ஏறி நின்றது? 'ஏன் எழவில்லை' என்னும் வினாவிற்கு உடனே விடை கிட்டாது. 'எதுவரை எழுந்தது' என்னும் வினாவிற்கோ, கேட்கத் தெரிந்தவர்க்குக் கருவியே விடை கூறும். அவ்விடையைக் கேட்கும் முறை யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திசைவி என்பது யாது?

ஆங்கிலத்தில் ரூட்டர் எனப்படும் இக்கருவியைத் தமிழில் திசைவி என்பர். கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு சிப்பங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு சிப்பத்தின் தலைப்பிலும் அது சேரவேண்டிய முகவரி உண்டு. அம்முகவரியைப் படித்து, எந்த வழியில் அதனைச் செலுத்த வேண்டும் எனத் தீர்மானித்து, அவ்வழியே செலுத்துவது திசைவியின் பணி. அஞ்சல் நிலையத்தில் மடல்களை ஊர்வாரியாகப் பிரிக்கின்ற ஊழியரின் பணியை ஒத்தது இது.

தோற்றத்தில் சிறு பெட்டியேயாயினும் திசைவியும் ஒரு கணிப்பொறியே ஆகும். அதற்குள் செயலி உண்டு, நினைவகம் உண்டு, நிரல்கள் உண்டு. திரையும் விசைப்பலகையும் மட்டுமே இல்லை. ஆகவே கணிப்பொறிக்கு வரும் பிணிகள் அனைத்தும் இதற்கும் வரும். வாய்விட்டுச் சொல்ல ஒரு திரை இல்லாமையால், அப்பிணிகளை வெளியிலிருந்து அறிவது மட்டும் சற்றுக் கடினமாகிறது.

இக்கருவிகளின் மூதாதை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. ஆர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னலுக்காக, மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பி.பி.என். நிறுவனத்தார், ஹனிவெல் நிறுவனத்தின் டி.டி.பி. 516 என்னும் கணிப்பொறியைக் கொண்டு ஐ.எம்.பி. என்ற பொறியை அமைத்தனர். ஏறத்தாழ 400 கிலோகிராம் எடையுள்ள அதன் முதற்பிரதி அவ்வாண்டு ஆகஸ்ட்டு மாத இறுதியில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தது.

அப்பொறியை அமைத்தவர்கள் தொடக்கத்திலேயே ஓர் உண்மையை உணர்ந்திருந்தனர். பொறி வேறு வேறு ஊர்களில், கவனிக்க ஆளின்றி இயங்க வேண்டியது. ஆகவே, அது விழுந்தால் தானே எழ வேண்டும். மின்சாரம் நின்று வந்தால் தானாகவே மீண்டும் தொடங்கும் ஏற்பாடு அதில் இருந்தது. நிரல் குழம்பி நின்றுவிட்டால் அதனைக் கண்டுகொள்ளும் காவற்கடிகாரம் ஒன்றும் இருந்தது. மீட்பு நிரல்கள் அழியாதிருக்கும் பொருட்டு நினைவகத்தில் ஒரு பகுதி காக்கப்பட்டிருந்தது. தன் நிரல் கெட்டுவிடின், அண்டைப் பொறியிடம் கேட்டு அதனைப் பெற்றுக்கொள்ளும் வழியும் பின்னர் அமைந்தது. இன்றைய திசைவிகள் அளவில் சுருங்கி, ஆற்றலில் பன்மடங்கு பெருகிவிட்டன. எனினும் 'விழுந்தால் எழுவது எவ்வாறு' என்ற வினா அன்றுபோலவே இன்றும் அவற்றின் அடிப்படையாக உள்ளது.

உறக்கத்திலிருந்து விழிப்பு வரை

உலகெங்கும் அலுவலகங்களில் மிகுதியாகக் காணப்படுவன சிஸ்கோ நிறுவனத்தின் திசைவிகள். அவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால், விழிப்பு ஐந்து படிகளில் நிகழ்வதைக் காணலாம்.

முதற்படியில் மின்வழங்கி, வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளுறுப்புகளுக்கு ஏற்ற குறைந்த அழுத்தமாக மாற்றித் தருகிறது. இரண்டாம் படியில் செயலி உயிர்பெற்று, அழியா நினைவகமாகிய ரோமில் பதிந்துள்ள முதல் நிரலைப் படிக்கத் தொடங்குகிறது. அந்நிரல் செயலி, நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதித்துப் பார்க்கிறது. மூன்றாம் படியில் அதே ரோமிலுள்ள தொடக்க நிரல், பெரிய இயக்க நிரல் எங்கே உள்ளது எனத் தேடுகிறது. பெரும்பாலும் அது பிளாஷ் என்னும் நினைவகத்தில் இருக்கும். நான்காம் படியில் அவ்வியக்க நிரல் விரிக்கப்பட்டு வேலை நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. ஐந்தாம் படியில், மின்சாரம் நின்றாலும் அழியாத வேறொரு சிறு நினைவகத்தினின்றும் அமைப்புக் குறிப்புகள் படிக்கப்படுகின்றன. தன் முகவரி யாது, அண்டையர் யாவர், எவ்வழி யாரை அனுமதிப்பது என்பனவெல்லாம் அக்குறிப்புகளில் அடங்கும்.

மூன்றாம் படியிலுள்ள தொடக்க நிரலுக்கு ஆங்கிலத்தில் 'பூட்ஸ்டிராப்' என்று பெயர். காலணியின் பின்புறத்திலுள்ள வாரை அச்சொல் குறிக்கும். தன் காலணி வாரைத் தானே பற்றியிழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்பது ஆங்கிலத்தில் நடவாத காரியத்தைக் குறிக்க எழுந்த மரபுத்தொடராகும். நிரலை ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டும் என்ற நிலையில், கணிப்பொறி அந்த நடவாத காரியத்தை நடத்திக் காட்டுகிறது. ஆகவே அப்பெயர் நிலைத்தது. கணிப்பொறியைத் தொடங்குவதை 'பூட்' செய்தல் என்று கூறுவதும் இதனின்றும் பிறந்ததே.

இந்த ஐந்து படிகளும் சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. ஒரு படி நிறைவேறினாலன்றி அடுத்த படி தொடங்காது. குறைகாணும் கலைக்கு இதுவே அடித்தளம். நான்காம் படியின் அடையாளம் காணப்படுமாயின், முதல் மூன்று படிகளும் நிறைவேறின என்பது தெளிவு. அப்பொழுது மின்வழங்கியைக் கழற்றிப் பார்ப்பது வீண்வேலை. அவ்வாறே முதற்படியின் அடையாளமே இல்லாதபோது இயக்க நிரலைக் குறைகூறுவதும் பொருந்தாது.

மின்சாரமும் காற்றும்

முதற்படியின் அடையாளங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவன. மின்விசையை முடுக்கியவுடன் உள்ளிருக்கும் விசிறி சுழலும் ஓசை கேட்க வேண்டும். முகப்பிலுள்ள மின்விளக்கு எரிய வேண்டும். இரண்டும் இல்லையெனில் செயலியைப் பற்றி எண்ணுவதற்கே இடமில்லை. சுவரிலுள்ள மின்துளையில் வேறொரு கருவியைச் செருகிப் பார்த்தல், மின்கம்பியை மாற்றிப் பார்த்தல், உருகியைச் சோதித்தல், பின்னர் மின்வழங்கியை மாற்றிப் பார்த்தல் என்ற வரிசையே முறை. எளியதை முதலிற் பார்த்து, அரியதைப் பின்னர்ப் பார்ப்பது ஈண்டும் பொருந்தும். இடிமின்னல் மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் மின்னழுத்தம் திடீரென ஓங்குவதால் மின்வழங்கிகள் பழுதாவது இயல்பே.

விசிறி சுழன்று சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுவதும் உண்டு. உட்புகும் காற்று தூசியால் அடைபட்டு, வெப்பம் மிகுந்து, கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நின்றிருக்கலாம். அல்லது பின்னர்ச் செருகப்பட்ட அட்டையொன்று மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுத்திருக்கலாம். அட்டைகள் அனைத்தையும் கழற்றிவிட்டு முடுக்கிப் பார்த்தால் இவ்விரண்டில் எது என்பது புலனாகும். கழற்றும்போது மின்சாரத்தை நிறுத்துவதும், உடலில் தேங்கும் நிலைமின்சாரம் உறுப்புகளைத் தாக்காதபடி மணிக்கட்டில் நிலக்கம்பி கட்டிக்கொள்வதும் தவிர்க்கலாகா.

மௌனமும் உளறலும்

விசிறி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது, அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை. இந்நிலையில் திசைவியோடு பேசுவதற்கென்றே அமைந்த வாயில் ஒன்றுண்டு. அதனைக் கன்சோல் என்பர். அதிலிருந்து ஒரு கம்பியைக் கணிப்பொறியில் இணைத்தால், திசைவி விழிக்கும்போது தான் செய்வனவற்றை வரிவரியாக எழுதிக்காட்டும். வலைப்பின்னல் முழுவதும் செயலற்றிருந்தாலும் இவ்வாயில் செயல்படும். ஆதலின், குறை காண்போர்க்கு இதுவே நாடிபார்க்கும் இடம்.

கன்சோல் வழக்கமாக நொடிக்கு 9,600 துணுக்குகள் என்ற வேகத்தில் பேசும். கேட்கும் கணிப்பொறியும் அதே வேகத்தில் கேட்க வேண்டும். வேகம் மாறுபட்டால் திரையில் பொருளற்ற குறிகள் நிறையும். இதனைக் கண்டு திசைவியின் மூளை கெட்டுவிட்டது என அஞ்சுவோர் உண்டு. உண்மையில் உளறல் ஒரு நற்குறியே. செயலி உயிருடன் இருக்கிறது, பேசுகிறது, கேட்பவர்தாம் சரியாகக் கேட்கவில்லை என்பதே அதன் பொருள். வேகத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் உளறல் சொல்லாக மாறிவிடும்.

முழு மௌனமோ ஆராயத் தக்கது. கம்பி சரியானதா, வேறொரு நல்ல திசைவியில் அதே கம்பி பேசுகிறதா என்பவற்றை முதலில் உறுதி செய்தல் வேண்டும். அதன் பின்னரும் மௌனமே நிலவினால், செயலி முதல் நிரலையே படிக்கவில்லை என்று கொள்ளலாம். அப்பொழுது அட்டைகளைக் கழற்றி, நினைவகப் பலகைகளை எடுத்துத் தூசி துடைத்து நன்கு பொருத்தி, இரண்டு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாக மட்டும் வைத்து முடுக்கிப் பார்க்க வேண்டும். பொருந்தாமல் நெகிழ்ந்திருந்த ஒரு பலகையே பேச்சைத் தடுத்திருக்கக் கூடும்.

இங்கே ஒரு விதி இன்றியமையாதது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நினைவகத்தையும் மின்வழங்கியையும் ஒருசேர மாற்றியபின் கருவி எழுந்துவிட்டால், குறை எதில் இருந்தது என்பது எவர்க்கும் தெரியாது. கெட்டது எனக் கருதி நல்லதும் கழிக்கப்படும். நல்லது எனக் கருதிக் கெட்டதும் பேழையில் வைக்கப்பட்டு, மற்றொரு நாள் மற்றொரு திசைவியைக் கெடுக்கும்.

பாதி வழியில் நிற்பது

சில சமயங்களில் திசைவி பேசுகிறது. தன் நினைவகத்தின் அளவையும் சொல்கிறது. பின்னர் 'ரோம்மன்' என்ற சொல்லைக் காட்டி நின்றுவிடுகிறது. ரோமிலுள்ள கண்காணிப்பு நிரலின் சுருக்கப்பெயர் அது. இக்காட்சி, முதலிரு படிகளும் நிறைவேறின, மூன்றாம் படியில் இயக்க நிரல் கிடைக்கவில்லை அல்லது ஏற்ற இயலவில்லை என்பதைத் தெரிவிக்கிறது. வன்பொருள் பெரும்பாலும் நலமாகவே உள்ளது. அஞ்ச வேண்டுவதில்லை.

இயக்க நிரல் கிடைக்காமைக்குக் காரணங்கள் சில. பிளாஷ் நினைவகத்தில் அது அழிக்கப்பட்டிருக்கலாம். புதிய நிரலைப் பதிக்கும்போது இடையில் மின்சாரம் நின்று அரைகுறையாகப் பதிந்திருக்கலாம். பிளாஷ் அட்டையே நெகிழ்ந்திருக்கலாம். கண்காணிப்பு நிரலிடம் பிளாஷில் உள்ளவற்றின் பட்டியலைக் கேட்டால் உண்மை புலப்படும். நிரல் இருந்தும் அதன் கூட்டுத்தொகைச் சோதனை பிழைப்பட்டால், அது சிதைந்துள்ளது என்பது தெளிவு.

சிதைந்த நிரலுக்கு மாற்றாக நல்ல நிரலை வலைப்பின்னல் வழியே வேறொரு கணிப்பொறியிலிருந்து பெறலாம். அதற்கு வழியில்லாதபோது, பல வகைத் திசைவிகளில் கன்சோல் கம்பி வழியேயும் பெறலாம். ஆனால் பொறுமை வேண்டும். 9,600 வேகத்தில் ஓர் எழுத்துக்குப் பத்துத் துணுக்குகள் வீதம் நொடிக்கு 960 எழுத்தளவே செல்லும். 30 மெகாபைட் அளவுள்ள நிரல் அவ்வாறு வந்து சேர ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். வேகத்தை 115,200 ஆக உயர்த்திக்கொண்டால் முக்கால் மணி நேர அளவில் முடியும். இந்தக் கணக்கை அறியாமல் நள்ளிரவில் பணியைத் தொடங்கியவர், காலையில் அலுவலகம் திறக்கும்போதும் காத்துக்கொண்டே இருப்பார்.

நிரல் நலமாக இருந்தும் திசைவி ரோம்மனில் நிற்பது மற்றொரு வகை. அதற்குக் காரணம் அமைவுப் பதிவேடு எனப்படும் ஒரு சிறு எண்ணாகும். விழிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை இவ்வெண்ணே கட்டளையிடுகிறது. பதினாறு அடிமான எண்முறையில் எழுதப்படும் இதன் வழக்கமான மதிப்பு 2102. இதன் கடைசி இலக்கம் சுழியாயின், அதாவது 2100 ஆயின், திசைவி இயக்க நிரலைத் தேடாது கண்காணிப்பு நிரலிலேயே நிற்கும். இது பிணி அன்று. யாரோ இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிதல் ஆகும்.

விழித்தும் தன்னை மறப்பது

இதனினும் வியப்பானது ஐந்தாம் படியில் நேரும் தவறு. திசைவி முழுதும் விழித்துவிடுகிறது. இயக்க நிரலும் ஏறிவிடுகிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்த புதுக் கருவியைப்போல், 'முதல் அமைப்பைச் செய்யலாமா?' என்று கேட்கிறது. தன் பெயரும் அதற்குத் தெரியவில்லை. தன் முகவரியும் தெரியவில்லை.

குறிப்புகள் அழிந்தன எனப் பதறி, புதிதாக எழுத முற்படுவோர் உளர். அதற்குமுன் அமைவுப் பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும். கடவுச்சொல் மறந்துபோனபோது அதனை மீட்பதற்காக இவ்வெண்ணை 2142 என மாற்றுவது வழக்கம். மின்சாரம் வந்த முதல் 60 விநாடிக்குள் குறுக்கீட்டு விசையை அழுத்தி, ரோம்மனுக்குள் நுழைந்து இம்மாற்றத்தைச் செய்வர். 2142 என்பது 'அமைப்புக் குறிப்புகளைப் படியாதே' என்னும் கட்டளையை உள்ளடக்கியது. மீட்புப் பணி முடிந்ததும் மறவாமல் 2102க்குத் திரும்ப வேண்டும். மறந்துவிட்டால் அன்று ஒன்றும் தெரியாது. திசைவி நின்று தொடங்காத வரையில் எல்லாம் நலமாகவே நடக்கும். பல மாதங்கள் கழித்து ஒரு மழையிரவில் மின்சாரம் நின்று வரும்பொழுது, அக்கட்டளை தன் வேலையைச் செய்யும். குறிப்புகள் நினைவகத்தில் அப்படியே இருக்க, அவற்றைப் படிக்காமலே திசைவி விழிக்கும். இந்நிலையில் அறியாது புதிய குறிப்பை எழுதிச் சேமிப்பவர், அழியாதிருந்த பழைய குறிப்பைத் தம் கையாலேயே அழித்தவராவார்.

மீண்டும் மீண்டும் விழுவது

சில திசைவிகள் எழுகின்றன, சிறிது நேரம் நிற்கின்றன, மீண்டும் விழுகின்றன. இவ்வகையில் மின்விசையை அணைத்து முடுக்குவதே முதல் தவறாகும். சிஸ்கோ வகைத் திசைவிகள் தாம் கடைசியாக எதனால் விழுந்தன என்பதை நினைவில் வைத்திருக்கும். பதிப்பு விவரம் கேட்கும் கட்டளைக்கு விடை தரும்போது, மின்சாரம் நின்றதாலா, ஒருவர் கட்டளையிட்டதாலா, நினைவகப் பிழையாலா என்பதையும் ஒரு வரியில் சொல்லும். விழுந்த கணத்தின் விவரங்களைக் கோப்பாக எழுதி வைப்பதும் உண்டு. அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தினால், 'மின்சாரம் நின்றதால் விழுந்தேன்' என்பதே கடைசிக் காரணமாகப் பதிந்துவிடும். உண்மைக் காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியின் வாயை அடைத்ததாக முடியும்.

நினைவகப் பிழை என்று காரணம் காட்டப்பட்டால், உடனே நினைவகப் பலகையை எறிந்துவிடலாகாது. நினைவகத்தில் எழுதிய ஒரு துணுக்கு, வன்பொருளில் எக்குறையும் இல்லாமலே மாறிவிடுதல் கூடும். 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த திமத்தி மே, மர்ரி வுட்ஸ் என்னும் இருவர் இதற்கொரு காரணத்தைக் கண்டு வெளியிட்டனர். நினைவகச் சில்லைப் பொதிந்திருந்த உறையில் மிகச் சிறிதளவு யுரேனியம், தோரியம் முதலிய கதிரியக்கப் பொருள்கள் கலந்திருந்தன; அவற்றினின்றும் வெளிப்பட்ட ஆல்பாத் துகள்கள் சில்லில் தங்கியிருந்த நுண்ணிய மின்னேற்றத்தை மாற்றிவிட்டன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரான்களும் இதே விளைவைத் தோற்றுவிக்கும் என்பதும் அறியப்பட்டது.

ஆதலின் வல்லுநர் இப்பிழைகளை இருவகையாகப் பிரிப்பர். ஒருமுறை தோன்றி மறைவது மென்பிழை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றுவது வன்பிழை. முன்னதற்குக் கருவியை மீண்டும் தொடங்கிச் சில காலம் கவனித்து வருதலே போதும். பின்னதற்கு நினைவகத்தை முதலிலும், அதனாலும் தீராவிடில் செயலிப் பலகையையும் மாற்ற வேண்டும். நாள்குறிப்பு எழுதி வைத்திருப்பவரால்தான் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலும். ஆறு மாதத்திற்கு முன்னும் இதே பிழை தோன்றிற்று என்பதை நினைவிலிருந்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2017ஆம் ஆண்டு தந்த பாடம்

முறையாகப் படிப்படியாகச் சென்றும், செயலி எழாமைக்கு வெளியில் காரணமே தோன்றாத நிலை ஒன்றுண்டு. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் வெளிப்பட்டது. தன் 4331 முதலிய திசைவிகளிலும், சில பாதுகாப்புக் கருவிகளிலும் இணைப்புக் கருவிகளிலும் உள்ள ஓர் உறுப்பு காலப்போக்கில் நலிவுறுகிறது எனச் சிஸ்கோ நிறுவனம் அறிவித்தது. அது கடிகாரத் துடிப்பைத் தரும் உறுப்பு.

செயலிக்கு மின்சாரம் மட்டும் போதாது. ஒவ்வொரு செயலையும் எந்தக் கணத்தில் செய்ய வேண்டும் என உணர்த்துவதற்குச் சீரான மின்துடிப்பும் வேண்டும். படைவீரர்க்கு முரசொலி போன்றது அது. துடிப்பு நின்றால், ஏனைய உறுப்புகள் எவ்வளவு நலமாக இருப்பினும் ஓரடியும் எடுத்து வைக்க இயலாது.

உறுப்பை வழங்கிய நிறுவனத்தின் பெயரைச் சிஸ்கோ தன் அறிவிப்பில் குறிப்பிடவில்லை. ஆயினும் அக்காலத்திலேயே இன்டெல் நிறுவனம், 2013ஆம் ஆண்டில் தான் வெளியிட்ட ஆட்டம் சி2000 வகைச் செயலிகளுக்கான திருத்தக் குறிப்பில் இத்தகைய குறையைப் பதிவு செய்தது. செயலியிலிருந்து மெதுவான துணையுறுப்புகளுக்குச் செல்லும் துடிப்பு நின்றுவிடலாம் என்றும், அவ்வாறு நின்றால் கருவி தொடங்கவே இயலாது போகலாம் என்றும் அக்குறிப்புக் கூறியது. பின்னர் வந்த திருத்தப் பதிப்புச் செயலிகளில் இக்குறை நீக்கப்பட்டது.

இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. குறையுள்ள கருவிகள் புதிதாக வந்தபோது எல்லாச் சோதனைகளிலும் தேறின; மாதக்கணக்கில் நன்றாக உழைத்தன. ஏறத்தாழ 18 மாதங்கள் இயங்கிய பின்னரே பழுதுகள் தோன்றத் தொடங்கும் என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல அவை மிகும் என்றும் சிஸ்கோ கூறியது. உறுப்பு ஒருமுறை பழுதானால் கருவி இயங்காது, தொடங்காது, மீட்கவும் இயலாது.

அத்தகைய திசைவியின் முன் அமர்ந்த ஊழியரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மின்சாரம் வருகிறது, கன்சோல் மௌனமாயிருக்கிறது, அட்டைகளைக் கழற்றினும், நினைவகத்தை மாற்றினும் அதே மௌனம். படிகளை அறியாதவர் நாள் முழுவதும் மின்விசையை அணைத்து அணைத்து முடுக்கி, தாம் செய்த ஏதோ ஒரு தவறே காரணம் என எண்ணி வருந்துவார். படிகளை அறிந்தவரோ ஒரு மணி நேரத்தில், 'மின்சாரம் உண்டு, செயலி முதல் நிரலைத் தொடங்கவில்லை, கழற்றக்கூடிய உறுப்புகள் காரணமல்ல' என்ற முடிவுக்கு வந்துவிடுவார். எஞ்சியிருப்பது செயலிப் பலகை ஒன்றே. அதன் வரிசை எண்ணை நிறுவனத்தின் அறிவிப்போடு ஒப்பிட்டு, மாற்றுக் கருவி கேட்பதே செய்யத்தக்கது. எங்கே முயற்சியை நிறுத்த வேண்டும் என்பதையும் முறையே கற்பிக்கிறது. அறிவிப்பை முன்னரே படித்தவர்க்கோ இத்துன்பமும் இல்லை. இயங்கிக்கொண்டிருக்கும்போதே கருவியை மாற்றிக்கொள்ள அவர்க்கு நேரம் இருந்தது.

நலமாயிருக்கும் நாளில் செய்ய வேண்டுவன

குறை தோன்றிய பின் செய்யும் பணி எவ்வளவு சிறந்ததாயினும், அதற்குத் துணைபுரிவன நலமான நாளில் செய்து வைத்தவையே. அமைப்புக் குறிப்புகளின் பிரதி ஒன்று திசைவிக்கு வெளியே இருத்தல் வேண்டும். செயலிப் பலகை இறந்தால் அதனுள்ளிருக்கும் குறிப்புகளும் கைக்கு எட்டாமற் போகலாம். பிரதி இருந்தால் மாற்றுக் கருவி சில நிமிடங்களில் பழைய கருவியின் பணியை ஏற்கும். இல்லையெனில் மாற்றுக் கருவி வந்து சேர்ந்தும் அலுவலகம் காத்திருக்கும். இயக்க நிரலின் நல்ல பிரதியொன்றும், சரியான கன்சோல் கம்பியும் அருகில் இருத்தல் வேண்டும்.

இவற்றோடு, பலரும் கருதாத ஒன்றும் உண்டு. திசைவி நலமாக விழிக்கும்போது கன்சோலில் எழுதும் வரிகளை ஒருமுறை பதிவு செய்து வைத்தல் வேண்டும். எந்த வரிக்குப்பின் எந்த வரி வரும், எத்தனை விநாடி ஆகும், எந்த விளக்கு எப்பொழுது நிறம் மாறும் என்பவற்றை அறிந்திருந்தால், பிணியுற்ற நாளில் அது எந்த வரியில் நின்றது என்பது ஒரே பார்வையில் தெரியும். நலத்தின் தோற்றத்தை அறியாதவர்க்குப் பிணியின் தோற்றமும் விளங்காது. மாணவன் பிழையாக எழுதிய ஒரு சொல்லைக் காணும் ஆசிரியர், அவன் எதுவரை சரியாகக் கற்றான் என்பதை அதனின்றே கண்டுகொள்வதும் இவ்வகையினதே.

காலையில் எழாத அந்தத் திசைவியின் முன் நிற்பவர் செய்ய வேண்டுவது இனித் தெளிவு. விசையை நோக்கிக் கை செல்லுமுன் விசிறியின் ஓசையைக் கேட்டல், விளக்கைப் பார்த்தல், கன்சோலை இணைத்துப் பேசவிடுதல், அது நின்ற படியைத் தாளில் குறித்துக்கொள்ளுதல். பின்னர் அப்படியில் மட்டும், ஒவ்வொன்றாக, எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்லுதல். இவ்வாறு செய்வார்க்கு எல்லாத் திசைவியும் எழுந்துவிடும் என்பதில்லை. ஆனால் எழக்கூடியது வீணே கழிக்கப்படாது. எழமுடியாததன் முன் காலம் வீணாகாது.